ஒர்க்‌ஷாப்புக்குப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

ஜப்பான்ல இங்கிலீஷ் டீச்சரா சேர்ந்தா, கொஞ்ச நாள்லயே "இந்த ஒர்க்‌ஷாப் வரீங்களா, அந்த டிரெய்னிங் வரீங்களா"ன்னு நோட்டீஸ் வர ஆரம்பிச்சிடும். ஞாயித்துக்கிழமை தூக்கத்தையும் விட்டு, ரயிலுக்கும் காசு அழுதுட்டுப் போய், கடைசில நாலு விளையாட்டு, ஒரு சர்ட்டிஃபிகேட்டோட திரும்பி வரவேண்டாம் பாரு. அதுக்குத்தான் இதை எழுதறேன்.

முதல்ல யார் நடத்தறாங்கன்னு பாரு. வெளிநாட்டுக்காரங்களை ஜப்பான் ஸ்கூலுக்கு அழைச்சுக்கிற, 1987-ல ஆரம்பிச்ச ஜெட் திட்டத்துல வந்திருந்தா, உன் மாகாணமே ஏஎல்டின்னு சொல்ற உதவி மொழி ஆசிரியர்களுக்குப் பயிற்சி மாநாடு நடத்தும். அது டூட்டி, போய்த்தான் ஆகணும். ஜால்ட்னு சுருக்கமா சொல்ற ஜப்பான்ல இருக்கிற மொழி ஆசிரியர்களோட சங்கம் வேற ரகம். பல ஊர்ல அதுக்குக் கிளை உண்டு. கிளைக் கூட்டம் உறுப்பினர்களுக்குப் பெரும்பாலும் இலவசம், மத்தவங்களுக்குச் சின்னக் கட்டணம். பாடப்புத்தகக் கம்பெனிக்காரங்க நடத்தறதும் இலவசமா இருக்கும், சாம்பிள் புத்தகமும் கைக்கு வரும். தாராளமா போ. ஆனா அது விற்பனைக் கூட்டம்ங்கறதை மட்டும் மறந்துடாதே.

போறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல கேட்டுக்கோ: இது அலுவல் பயணமா, உன் சொந்த லீவா? தேதி, இடம், நேரம் எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி துணைத் தலைமையாசிரியர் கையில கொடு. அவரைத்தான் க்யோதோ சென்செய்னு சொல்வாங்க, ஸ்கூல்ல எந்தக் காகிதமும் அவர் மேஜை வழியாத்தான் நகரும்.

அடுத்து, தலைப்பைப் பார்த்து மயங்காதே. "மாணவர்களைப் பேச வைக்கும் ஐம்பது விளையாட்டுகள்" மாதிரி நோட்டீஸ் நிறைய வரும். பத்து பேர் இருக்கிற சாயங்கால வகுப்புக்கு அது ஓடும். 50 நிமிஷ பீரியட்ல, முப்பது நாப்பது பிள்ளைங்க நெருக்கி உட்கார்ந்திருக்கிற ஜூனியர் ஹைஸ்கூல் வகுப்புல ஓடாது. அங்கே புத்தகத்தை முடிச்சாகணும், டெர்ம் பரீட்சை இருக்கு, மூணாவது வருஷத்துல ஹைஸ்கூல் நுழைவுத்தேர்வும் தலைக்கு மேல நிக்குது. அதனால உன் ஸ்கூல் புத்தகம் நியூ ஹொரைசனோ, நியூ கிரவுனோ, சன்ஷைனோ, அதைப் பைல போட்டு எடுத்துட்டுப் போ. பேசறவர் எதைக் காட்டினாலும், அடுத்த வாரம் நடத்தப்போற பக்கத்தைத் திறந்து வச்சுப் பாரு. அந்தப் பக்கத்துக்கு ஒட்டலைன்னா குறிப்பெடுத்துக் கையை வலிக்க வச்சுக்காதே.

"முப்பத்தஞ்சு பிள்ளைங்க இருந்தா இதை எப்படிப் பண்ணுவீங்க?"ன்னு பேச்சாளரை ஒரு தடவை கேளு. பதில் சொல்ற விதத்துலயே அவர் வகுப்புல நின்னவரா, மேடையில மட்டும் நின்னவரான்னு தெரிஞ்சுடும்.

உச்சரிப்பு ஒர்க்‌ஷாப் பத்தி என் அபிப்பிராயம் ஒண்ணு இருக்கு. ஆர், எல் ரெண்டையும் பிரிச்சுக் காட்டறேன்னு மணிக்கணக்கா நாக்குப் படம் போடறதுக்கு ரொம்பப் போகாதே. ஜப்பானியப் பிள்ளைங்க பேசறது புரியாம போறதுக்கு அதைவிடப் பெரிய காரணம், மெய்யெழுத்துக்கும் மெய்யெழுத்துக்கும் நடுவுல உயிரெழுத்தைச் சொருகறது. 'ஸ்ட்ரைக்' இங்கிலீஷ்ல ஒரே அசை. அவங்க வாயில அது 'ஸு-தொ-ர-இ-கு'ன்னு அஞ்சு தட்டா நீளும். கையைத் தட்டிக்கிட்டே சொல்ல வச்சா, எங்கே கூடுதுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சுடுவாங்க. தாளம், அழுத்தம் சொல்லித்தர ஒர்க்‌ஷாப் வந்தா விடாதே.

இதுல உனக்கு ஒரு சௌகரியம் இருக்கு. நம்ம ஊர்லயும் ஸ்கூலை 'இஸ்கூல்'னு சொல்றவங்க உண்டு. ஜப்பானிய மொழியிலயும் வினை கடைசிலதான் வரும், 'தி' மாதிரி ஒண்ணு அங்கேயும் கிடையாது. பிள்ளைங்க எங்கே தடுக்கி விழறாங்கன்னு சின்ன வயசுலேருந்து இங்கிலீஷ் மட்டுமே பேசி வளர்ந்தவருக்கு விளக்கித்தான் ஆகணும். உனக்கு அது சொந்த அனுபவம். "நான் நேட்டிவ் இல்லையே"ன்னு கூட்டத்துல ஓரமா ஒதுங்காதே.

உன் பக்கத்துல ஒரு எலிமென்டரி ஸ்கூல் டீச்சர் உட்கார்ந்திருந்தா கொஞ்சம் பக்குவமா நடந்துக்கோ. 2020-லேருந்து அஞ்சாம், ஆறாம் வகுப்புல இங்கிலீஷ் முழுப்பாடம், வருஷத்துக்கு 70 பீரியட். மூணாம், நாலாம் வகுப்புக்கு 35. இதை நடத்தறதுல பெரும் பங்கு, கணக்கும் சமையலும் நீச்சலும் சேர்த்துச் சொல்லித்தர கிளாஸ் டீச்சர்தான். இங்கிலீஷ் டீச்சர் ஆகணும்னு நினைச்சு வேலைக்கு வந்தவங்க இல்லை அவங்க. ஜோடியா பேசிப் பழகச் சொன்னா குரல் நடுங்கும். நாலு பேர் முன்னாடி திருத்திடாதே. "உங்க வகுப்புல இதை எப்படிச் செய்வீங்க?"ன்னு கேளு, கொட்டுவாங்க. அன்னிக்கு நீ கத்துக்கிறதுல பாதி அவங்ககிட்டேருந்துதான் வரும்.

"கேள்வி இருக்கா?"ன்னு மேடையிலேருந்து கேட்டா ஹால் அப்படியே அமைதியா இருக்கும். பிடிக்கலைன்னு அர்த்தமில்லை. கூட்டம் முடிஞ்சதும் பேச்சாளர் முன்னாடி வரிசை கட்டி நிப்பாங்க, நல்ல கேள்வியெல்லாம் அங்கேதான் வரும். நீயும் அந்த வரிசையில நின்னு காதைத் தீட்டிக்கோ. பிள்ளைங்களும் இதே மாதிரிதான். ஒருத்தனை எழுப்பி நிறுத்திக் கேட்காம, பக்கத்துல இருக்கிறவன்கிட்ட ஒரு நிமிஷம் பேசவிட்டுட்டுக் கேட்டுப் பாரு, பதில் வரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். என்னைக் கேட்டா, ஜப்பான்ல இருக்கிறதுலயே சிறந்த ஒர்க்‌ஷாப்புக்கு 'ஒர்க்‌ஷாப்'னு பேரே கிடையாது. கெங்க்யூ ஜுக்யோன்னு சொல்வாங்க. ஒரு டீச்சர் தன் சொந்த வகுப்பை நடத்துவார், மத்த டீச்சருங்க வந்து பார்ப்பாங்க, அப்புறம் உட்கார்ந்து அலசுவாங்க. மெய்ஜி பேரரசர் காலத்துலேருந்து வர வழக்கம். ஸ்டிக்லர், ஹீபர்ட்னு ரெண்டு பேர் 1999-ல இதைப் பத்திப் புத்தகம் போட்ட பிறகு அமெரிக்காக்காரங்களும் திரும்பிப் பார்த்தாங்க.

உள்ளே போகும்போதே கையில ஒரு கத்தை தாள் கொடுப்பாங்க. அதுதான் ஷிதோவான், பாடத்திட்டம். இந்தப் பாடம் எதுக்கு, இந்தப் பிள்ளைங்க இப்ப எந்த நிலையில இருக்காங்க, அதனால எப்படி நடத்தப் போறேன்னு வரிசையா எழுதியிருக்கும். அப்புறம் நிமிஷவாரியா கட்டம் போட்டு, பிள்ளைங்க என்ன செய்வாங்க, டீச்சர் எங்கே கைகொடுக்கணும், எதை வச்சு மதிப்பிடணும்னு இருக்கும். உட்கார்ற இட வரைபடம் இருந்தா இன்னும் நல்லது. ஜப்பானிய எழுத்து படிக்கத் தெரியலைன்னா, உன்கூட வகுப்பெடுக்கிற டீச்சரை வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முதல்ல வர்ற அந்த மூணு பகுதியை மட்டும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லு.

எல்லாரும் பின்பக்கத்துலயும் ஓரத்துலயும் நிப்பாங்க. நீ டீச்சரையே பார்த்துக்கிட்டு நிக்காதே. ரெண்டு பிள்ளைங்களைத் தேர்ந்தெடுத்துக்கோ, ஒண்ணு கையைத் தூக்குற பிள்ளை, ஒண்ணு தூக்காத பிள்ளை. பீரியட் முழுக்க அவங்களை மட்டும் பாரு. எப்ப பென்சில் நின்னுது, எப்ப பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தா, ஜோடிப் பேச்சுல எப்ப ஜப்பானிய மொழிக்குத் தாவினா, இதெல்லாம் நேரத்தோட குறிச்சுக்கோ. பிள்ளை தடுமாறுதேன்னு குனிஞ்சு பதில் சொல்லிக் கொடுத்துடாதே. பக்கத்து ஆள்கூடக் கிசுகிசுக்கவும் கூடாது.

பிறகு கலந்துரையாடல். வகுப்பெடுத்தவர் முதல்ல பேசுவார், கடைசில வெளியிலேருந்து வந்த ஆலோசகர் பேசுவார். நடுவுல உன்னைக் கேட்டா, "அருமையான வகுப்பு"ன்னு பொதுவா சொல்லிட்டு உட்காராதே. "பதினெட்டாவது நிமிஷத்துல அந்த ஜன்னலோரப் பிள்ளை எழுதறதை நிறுத்திட்டா"ன்னு சொல்லு. அதுக்குத்தான் அங்கே மதிப்பு.

சில்லறை விஷயங்களையும் சொல்லிடறேன். ஸ்கூல்ல நடந்தா உள்ளே போட சொந்தச் செருப்பும், வெளிச்செருப்பு வைக்க ஒரு பையும் கொண்டு போ. விருந்தாளிங்களுக்கு வச்சிருக்கிற ஸ்லிப்பர் காலை விட்டுக் கழண்டுக்கிட்டே இருக்கும், மாடிப்படி ஏற முடியாது. கட்டணத்துக்குச் சில்லறையா வச்சுக்கோ. பல்கலைக்கழகத்துல ஞாயித்துக்கிழமை கேன்டீன் மூடியிருக்கலாம். நீ சைவம்னா இன்னும் சிரமம், பார்க்கக் காய்கறியா இருக்கும், உள்ளே மீன் சாறு இருக்கும். டப்பால புளிசாதம் கட்டிக்கோ, நிம்மதி. முடிஞ்சதும் கொன்ஷின்காய்னு ஒரு சாப்பாட்டுக் கூட்டம் இருக்கும், காசு தனி. களைப்பா இருந்தாலும் போ. ஊலாங் டீ குடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. பகல்ல வாயே திறக்காத டீச்சருங்க அங்கேதான் மனசுவிட்டுப் பேசுவாங்க.

ரெண்டு மூணு கூட்டம் போன பிறகு நீயே ஒரு சின்ன உரை கொடுக்கப் பாரு. ஜால்ட் கிளைகள்ல 'மை ஷேர்'னு நடத்துவாங்க, வகுப்புல ஓடின ஒரு உத்தியைக் கொஞ்ச நேரத்துல காட்டினா போதும். அந்த உரைக்குத் தயார் பண்ணும்போதுதான் உன் வகுப்பை நீயே நல்லாப் பார்ப்பே.

இலையுதிர்காலத்துல நிறைய ஸ்கூல்ல வகுப்பைத் திறந்து காட்டுவாங்க. உன் ஊர்ல எந்த ஸ்கூல்ல, எந்தத் தேதின்னு நாளைக்குக் காலையில க்யோதோ சென்செய் மேஜைக்குப் போய்க் கேட்டுடு.