டாக்டர், இது வெறும் டென்ஷன்தானா?

வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு 44 வயது. தனியார் பள்ளியில் ஆசிரியை. மாமியாருக்கு மூன்று வருடமாக மறதி நோய். பகலெல்லாம் அசந்து தூங்குகிறார். ராத்திரியில் எழுந்து "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று அழுதுகொண்டே வாசல் கதவைத் திறக்கப் போகிறார். அவர் அறையில் படுப்பது நான்தான். கணவர் காலை ஏழு மணிக்கு மில்லுக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் வருவார். கொழுந்தனார் பெங்களூரில் இருக்கிறார். சில மாதங்களாக எனக்கு நெஞ்சு படபடக்கிறது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. தலை வாரினால் கொத்துக் கொத்தாக முடி. வகுப்பில் பிள்ளைகள் பெயரே மறந்துபோகிறது. போன வாரம் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மகனை அடித்துவிட்டேன். இசிஜி, எக்கோ இரண்டும் நார்மல். "டென்ஷன்தான், யோகா பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். யோகாவுக்கு எனக்கு ஏது நேரம்? மாத்திரை இல்லாமல் இதிலிருந்து வெளியே வர முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்

பதில்: முடியும் அம்மா. ஆனால் முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை. இதயத்தைப் பார்த்திருக்கிறார்கள், தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் நெஞ்சு படபடக்கும், தூக்கம் கெடும், முடி கொட்டும். இந்த வயதில் மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்களுக்கு ரத்தசோகையும் சகஜம். அதிலும் இதே தொந்தரவுகள்தான். எல்லாவற்றையும் டென்ஷன் கணக்கில் எழுதிவிட்டால் எளிதாகக் குணமாகக்கூடிய ஒன்று கவனிக்கப்படாமல் போய்விடும்.

அவையெல்லாம் சரியாக இருந்தால், உங்கள் உடம்பு செய்துகொண்டிருப்பது இதுதான். ஆபத்து என்று மூளை முடிவெடுத்த நொடியில், சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைக் கொட்டும். இதயம் வேகமாக அடிக்கும், தசைகள் இறுகும். சற்றுப் பின்னால் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வந்து, இந்த அவசர நிலைக்கு வேண்டிய சர்க்கரையை ரத்தத்தில் ஏற்றிக் கொடுக்கும். துரத்தும் நாயிடமிருந்து ஓடித் தப்புவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஓடி முடித்ததும் எல்லாம் அடங்கிவிடும். உங்கள் வீட்டில் அது அடங்குவதற்கு இடமே இல்லை. தூங்கும்போதும் ஒரு காது கதவுத் தாழ்ப்பாள் பக்கமே இருக்கிறது.

அதிகாலை மூன்று மணி விழிப்புக்கும் காரணம் உண்டு. கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டிக் குறைவாக இருந்து, பின்னிரவில் மெல்ல ஏறத் தொடங்கி, காலையில் உச்சத்துக்கு வரும். எல்லோருக்கும் இப்படித்தான். ஏற்கெனவே பாதி விழிப்பிலேயே கிடப்பவருக்கு அந்த ஏற்றமே எழுப்பிவிடப் போதும். பெயர் மறப்பதைக் கண்டு, மாமியாருக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். தூக்கம் கெட்டவரின் கவனம் சிதறும். கவனத்தில் ஏறாத பெயர் நினைவில் எப்படித் தங்கும்? முடி கொட்டுவது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு முந்தைய நெருக்கடியின் விளைவு. அப்போது ஓய்வுக்குப் போன முடிகள் இப்போது உதிர்கின்றன. வேர் சாகவில்லை, திரும்ப வளரும்.

உங்களைப் போன்றவர்களை வைத்தே ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களுக்கும், அந்தப் பொறுப்பு இல்லாத அதே வயதுப் பெண்கள் 13 பேருக்கும் முன்கையில் ஒரே அளவில் சின்னக் காயம் ஏற்படுத்தி, அது ஆறுவதைக் கவனித்தார்கள். பராமரிப்புப் பொறுப்பில் இருந்த பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. 1995-ல் லான்செட் இதழில் வெளியானது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் "எல்லாம் மனசுதான் காரணம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள். தோல் ஆறுவதைக்கூடத் தாமதிக்கவைக்கும் ஒன்று வெறும் மனசு விஷயம் ஆகாது.

இனி, என்ன செய்வது. யோகா, மூச்சுப்பயிற்சி எல்லாம் நல்லவை, கீழே சொல்கிறேன். ஆனால் மூன்று பேர் சுமக்க வேண்டியதை ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அந்த ஒருவரிடமே "மனசை அமைதியா வச்சுக்கோ" என்று சொல்வது நியாயமில்லை. நம் வீடுகளில் இது அன்றாடம் நடக்கிறது. உங்களுக்கு முதல் சிகிச்சை வாரத்தில் சில முழு இரவுத் தூக்கம். அதைக் கொடுக்க வேண்டியவர்கள் மாமியார் பெற்ற பிள்ளைகள் இருவரும்.

"கொஞ்சம் ஒத்தாசையா இருங்க" என்றால் யார் காதிலும் ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவரை உட்காரவைத்து, கொழுந்தனாரையும் போனில் சேர்த்துக்கொண்டு, குறிப்பாகக் கேளுங்கள். வெள்ளி, சனி இரவுகளில் அம்மா அறையில் கணவர் படுக்க வேண்டும். அந்த இரண்டு இரவும் நீங்கள் வேறு அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. பகலில் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவைக் கொழுந்தனார் ஏற்க வேண்டும். அல்லது வருடத்தில் ஒரு மாதம் லீவு போட்டு அவர் வந்து இருக்க வேண்டும். நீங்கள் கேட்டால் குடும்பச் சண்டையாகும் என்று தோன்றினால், மாமியாரைப் பார்க்கும் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள். நான் என் அறையில் பல குடும்பங்களுக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னால் அது மருந்துச்சீட்டாகிவிடுகிறது.

மாமியாரின் இரவையும் ஓரளவு சரிசெய்யலாம். காலை வெயிலில் அரை மணி நேரம் உட்காரவையுங்கள். பகலில் நீண்ட நேரம் தூங்க விடாதீர்கள். கீரை ஆயவோ, துணி மடிக்கவோ கொடுங்கள், சரியாகச் செய்ய வேண்டியதில்லை. மதியத்துக்குமேல் காபி வேண்டாம். படுக்கும் முன் பாத்ரூம், அறையில் மங்கலான விளக்கு, வாசல் கதவில் ஒரு மணி. "வீட்டுக்குப் போகணும்" என்றால், "இதுதானே உங்க வீடு" என்று வாதாட வேண்டாம். "அங்கே யாரெல்லாம் இருப்பாங்க அத்தை?" என்று கேளுங்கள், பேசப் பேச அடங்குவார். குழப்பம் திடீரென்று அதிகமானால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ வலியோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும், 1992-ல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கமும் மறதி நோய்க் குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன.

இப்போது உங்களுக்காக. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். வேகஸ் என்ற நரம்பு வெளிமூச்சில் இதயத்துக்குப் பிரேக் போடுகிறது. அதனால் நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். மூச்சை அடக்க வேண்டாம். பால் காயும் நேரம், பஸ்ஸில் உட்கார்ந்த நேரம் போதும். பாய் விரிக்க வேண்டியதில்லை. சாமி கும்பிடும் வழக்கம் இருந்தால் இன்னும் எளிது. இத்தாலியில் லூசியானோ பெர்னார்டி குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும், "ஓம் மணி பத்மே ஹூம்" சொன்னபோதும் மூச்சு கிட்டத்தட்ட இதே ஆறுக்குத் தானாகவே இறங்கியது. உங்கள் தெய்வத்தின் நாமத்தை நிதானமாக, வெளிமூச்சில் நீட்டிச் சொல்லுங்கள்.

அடுத்து நடை. அட்ரினலின் உடம்பை அசைவதற்குத்தான் தயார் செய்கிறது. நாம் அதை உட்காரவைத்து விடுகிறோம். பள்ளியிலிருந்து திரும்பும்போது ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடந்து வாருங்கள். தினமும் அரை மணி நேரம் கிடைத்தால் நல்லது; கிடைக்காத நாளில் பத்து நிமிடம்.

மகனிடம் "அம்மா அடிச்சது தப்பு, தூக்கமில்லாம இருந்தேன்" என்று நேராகச் சொல்லுங்கள். அந்தக் குற்ற உணர்வை மனசுக்குள் வைத்திருப்பது இன்னொரு சுமை.

இவற்றையெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் தேறவில்லை என்றாலோ, எதிலுமே பிடிப்பில்லாமல் அழுகை அழுகையாக வந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்போது சில காலம் மாத்திரை தேவைப்படலாம். அது தோல்வி இல்லை அம்மா.

கேள்வி: கோவையில் ஐடி வேலை, வயது 29. டென்ஷனுக்கு அஸ்வகந்தா நல்லது என்கிறார்கள். இயற்கை மூலிகைதானே, பயமில்லாமல் சாப்பிடலாமா?

பதில்: நம் நாட்டு மருந்துக் கடையில் அமுக்கரா என்று கேட்டால் கிடைப்பது அதுதான். பதற்றமும் தூக்கமின்மையும் ஓரளவு குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் இயற்கையானது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது ஆகிவிடாது. அஸ்வகந்தா எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. தைராய்டு பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள், தூக்க மாத்திரை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டும். சாப்பிடுவதென்றால் தகுதியுள்ள சித்த மருத்துவரிடம் காட்டி, அளவும் காலமும் கேட்டுச் சாப்பிடுங்கள். ஆன்லைனில் டப்பா வாங்கி மாதக்கணக்கில் விழுங்க வேண்டாம். உங்களிடம் நான் கேட்க நினைப்பது வேறு: மாலை ஆறு மணிக்குமேல் எத்தனை காபி? உள்ளே போன காஃபினில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

கேள்வி: மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். வயிற்றுப்புண் இருக்கிறது. "டென்ஷனை விடுங்க, தானா ஆறிடும்" என்கிறார்கள். கடையை மூடினால்தான் டென்ஷன் போகும்!

பதில்: கடையை மூட வேண்டாம். மன அழுத்தம்தான் வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கனடாவின் மான்ட்ரியலில் ஹான்ஸ் செல்யே எலிகளைக் குளிர், காயம், ஓயாத உழைப்பு என்று பலவிதமாக வருத்திப் பார்த்து 1936-ல் எழுதினார். எதனால் வருத்தினாலும் அட்ரினல் பெருத்தது, வயிற்றில் புண் வந்தது. பிறகு பல பத்தாண்டுகள் அல்சர்காரர்களுக்கு அமைதியும் ஒரு மருந்தாகச் சொல்லப்பட்டது. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியைப் புண்ணோடு தொடர்புபடுத்தினார்கள். யாரும் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. உங்களுக்கு அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். இருந்தால் இரண்டு வாரம் போல ஆன்டிபயாடிக் மருந்துகள். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் வலி மாத்திரை போடும் வழக்கம் உண்டா? அதுவும் புண்ணாக்கும். டென்ஷன் வயிற்றுத் தொந்தரவைக் கூட்டும் என்பது உண்மை. அதற்காகக் கிருமியை விட்டுவைக்க முடியாது. மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: என் கணவர் டென்ஷன் குறையவும் தூக்கம் வரவும் தினமும் இரவு குடிக்கிறார். அளவாகத்தான் குடிக்கிறாராம்.

பதில்: படுத்ததும் தூக்கம் வரும், உண்மை. பின்னிரவில் போதை இறங்கும்போது அதே தூக்கம் துண்டு துண்டாகும். மறுநாள் பதற்றம் கூடும். அதை அடக்க மறுபடி மாலையில் குடி. நாள்பட்ட பழக்கமானால் திடீரென்று நிறுத்தச் சொல்லி நெருக்காதீர்கள். கைநடுக்கம், வலிப்பு வரலாம். மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன், நீட் எழுதப் போகிறேன். மாதிரித் தேர்வுத் தாளைப் பார்த்ததும் கை நடுங்குகிறது, படித்ததெல்லாம் போய்விடுகிறது.
– மாணவி, தர்மபுரி

பதில்: படித்தது எங்கும் போகவில்லை, கண்ணு. கவலையும் கணக்கும் மூளையில் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தினர் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் எழுதிய மாணவர்கள், பதற்றம் அதிகம் உள்ளவர்கள்கூட, நன்றாக எழுதினார்கள். மாதிரித் தேர்வுகளில் இதைச் செய்து பார். தேர்வு நாளில் ஹாலுக்குள் போகும் முன்பே எழுதிவிடு. எழுதிய தாளை யாருக்கும் காட்ட வேண்டாம். கை நடுங்கினால் "உடம்பு தயாராகிறது" என்று எடுத்துக்கொண்டு, நீண்ட வெளிமூச்சு ஐந்து விட்டு, தெரிந்த கேள்வியிலிருந்து தொடங்கு. தேர்வுக்கு முந்தைய இரவு ஏழு மணி நேரமாவது தூங்கு.

இந்தப் பக்கத்தை உன் அப்பா அம்மாவுக்கும் காட்டு. மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாத ஒரு சாப்பாட்டு வேளை தினமும் வேண்டும் என்று நான் கேட்டதாகச் சொல். என்றைக்காவது "இனி முடியாது, இருந்து என்ன பயன்" என்று தோன்றினால், அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடு. சொல்ல முடியாவிட்டால் 14416-ஐக் கூப்பிடு. அரசின் டெலி மானஸ் எண் அது. கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.