பிறந்த ஊரை வீட்டுக்காரருக்கும் காட்டுவோம்



போன ஐப்பசியில் எங்கள் குழுக் கூட்டம் நடந்தது. சந்தா வசூல், உள்கடன் தவணை எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்தும் போட்டாச்சு. வெளியே மழை விட்டபாடில்லை. சும்மா உட்கார்ந்திருந்தபோது ஊக்குநர் ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பிறந்த ஊரை உங்க வீட்டுக்காரர் பார்த்திருக்காரா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். "இதென்ன கேள்வி? தலைதீபாவளிக்கு வந்தாரு, பிள்ளைக்குக் காது குத்த வந்தாரு, எங்கய்யா செத்தப்பவும் வந்தாரு" என்றோம்.

"சரி. நீங்க படிச்ச பள்ளிக்கூடத்தைப் பார்த்திருக்காரா? தண்ணி எடுத்த கிணறு? நாத்து நட்ட வயக்காடு? உங்க கூட்டாளிப் புள்ளைக ஒருத்தர் பேராவது அவருக்குத் தெரியுமா?"

14 பேர் இருந்தோம். ஒருத்தரிடமும் பதில் இல்லை.

மாமனார் வீடு வேறு, நம் ஊர் வேறு

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரர் நம் ஊருக்கு மாப்பிள்ளையாக வருகிறார். சேர் போடுகிறார்கள், கறி ஆக்குகிறார்கள். சாப்பிட்டு, டி.வி. பார்த்து, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுகிறார். நாமோ போன உடனே மதினியோடு அடுப்படிக்குள் போய்விடுகிறோம். அவர் பார்த்தது மாமனார் வீட்டுத் திண்ணையை மட்டும்தான்.

ஆனால் அவர் ஊரைப் பற்றி நமக்குத் தெரியாதது உண்டா? எந்த வயல் யாருடையது, எந்தச் சாமிக்கு என்ன படையல், யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை, எல்லாம் அத்துப்படி. பிள்ளைகளும் "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் அப்பா ஊரைத்தான் சொல்லும். நாம் 18, 20 வருடம் வாழ்ந்த வாழ்க்கை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

எங்களில் ஒருத்தி போய்வந்த கதை

எங்களில் ஒருத்திக்குப் பிறந்த ஊர் கம்பம் பக்கம். ஆண்டிபட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்து 19 வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் மானாவாரிக்காரர். "உங்க ஊருல தண்ணி சும்மா ஓடுது. நோகாம சோறு தின்னவ நீ" என்று கேலி பேசுவார். இவளும் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு வாரம் 20 ரூபாய் தனி உண்டியலில் போட்டாள். 35 வாரத்தில் 700 ரூபாய் சேர்ந்தது. இந்த ஆனியில் வீட்டுக்காரரையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் போனாள். விசேஷம் எதுவும் இல்லை. "சும்மா ஊரைப் பார்க்க வந்தோம்" என்றதும் அண்ணனுக்கே ஆச்சரியம்.

வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. வரப்பில் நின்று, "12 வயசுல இருந்து இங்கதான் நட்டேன். சேத்துப்புண்ணு வந்து விரலு இடுக்கெல்லாம் வெந்து போகும்" என்றாள். பஸ் நிறுத்தத்தில், "விடியுமுன்ன இங்கதான் ஜீப் வரும். எங்கம்மா ஏலக்காட்டு வேலைக்கு மலையேறிப் போயிடும். தம்பியைப் பார்த்துக்க ஆள் இல்லாமத்தான் எட்டாவதோட என்னைய நிறுத்தினாங்க" என்றாள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியை பழைய பதிவேட்டை எடுத்துக் காட்டினார். மகள் அம்மா பெயரைத் தேடிப் பிடித்து வாசித்தாள். நின்ற காரணம் என்ற கட்டத்தில் 'வீட்டு வேலை' என்று எழுதியிருந்தது.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் கேட்டாராம்: "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

அந்த மகள் அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். அவளை மில்லுக்கு அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குத் திரும்பிய வாரமே 11-ஆம் வகுப்பில் சேர்க்க அப்பாவே வந்து கையெழுத்துப் போட்டார். இந்தப் பயணம் ஒன்றுதான் காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஆனால் பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

என்ன காட்டலாம்?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்குக் காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. இங்கே 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. மேற்கே ஓடிய பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. லோயர் கேம்ப்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய்ச் சொல்லிக் கொடுங்கள். அந்தத் தண்ணீர் முல்லையாறாக ஓடி, வைகையில் சேர்ந்து, ஆண்டிபட்டி பக்கத்து வைகை அணைக்குத்தான் போகிறது. "எங்க ஊருத் தண்ணிதான் உங்க ஊரு அணையில நிக்குது" என்று எங்கள் தோழியும் சொல்லாமல் விடவில்லை!

சுருளி அருவி, வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய கம்பம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இவையும் உண்டு. ஆனால் ஊர் சுற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். நீங்கள் நடந்த தெரு, வேலை செய்த காடு, கூட விளையாடிய தோழி வீடு, இவற்றை முதலில் காட்டுங்கள்.

எப்படித் திட்டமிடுவது?

1. பயணத்துக்குக் கடன் வாங்கக் கூடாது. நகையை அடகு வைக்கக் கூடாது. உண்டியல் சேமிப்பே போதும். பழம், பலகாரம் போதும், சீர்வரிசை வேண்டாம். பிறந்த வீட்டுக்காரர்களிடமும் "சீர் எதுவும் செய்ய வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

2. விசேஷ நாள் வேண்டாம். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நேரம் கூட்டத்தில் பேச முடியாது. வேலை குறைந்த, பள்ளிக்கூடம் திறந்திருக்கும் நாளாகப் பாருங்கள்.

3. 2021 மே மாதம் கொண்டுவந்த திட்டத்தில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. வெளியூர் பேருந்துக்கு டிக்கெட் உண்டு. கணக்குப் போடும்போது இதைப் பிரித்து எழுதுங்கள். மதுரைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ரயிலும் உண்டு. 2010 கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாகி 2022-ல் தேனி வரைக்கும், 2023-ல் போடி வரைக்கும் வந்துவிட்டது.

4. ஒரு நாளாவது அடுப்படியை விட்டு வெளியே வாருங்கள். காலையிலேயே சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டால் மதினிக்கும் ஓய்வு.

கவனம் தேவை

பிறந்த ஊருக்குப் போனால் சொத்துப் பேச்சு வரத்தான் செய்யும். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவதும் உண்டு. "உன் பங்கைக் கேள்" என்று வீட்டுக்காரர் நெருக்குவதும் உண்டு. இரண்டுக்கும் அவசரப்பட வேண்டாம்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989-ல் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. 2005-ல் நாடு முழுவதும் மகளுக்கும் மகனைப் போலவே பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்கு என்று ஆனது. 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மற்ற மதத்தாருக்குச் சட்டம் வேறு. எந்தப் பத்திரமானாலும் படித்துப் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக ஆலோசனை தருவார்கள். பங்கு வாங்குவதும் விட்டுக்கொடுப்பதும் நம் முடிவாக இருக்கட்டும். அதை இந்தப் பயணத்தோடு சேர்க்காதீர்கள்.

எல்லோருக்கும் இது சுலபம் இல்லை. சிலருக்குப் பிறந்த வீட்டில் பேச்சே இல்லை. சிலர் கணவரை இழந்தவர்கள். சில வீட்டுக்காரர் வர மாட்டேன் என்பார். பரவாயில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் குழுத் தோழி ஒருத்தியோடு போங்கள். அதுவும் முடியாவிட்டால் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் உங்கள் ஊரைப் பற்றி ஒரு கதை சொல்லுங்கள்.

குழுவில் பேசுவோம்

* நம் பிறந்த ஊரில் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டிய மூன்று இடங்கள் எவை?

* நாம் படிப்பை எப்போது, ஏன் நிறுத்தினோம்? இது நம் மகளுக்குத் தெரியுமா?

* பயண உண்டியலுக்கு வாரம் எவ்வளவு போட முடியும்?

பேசி முடித்ததைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். போய்வந்தவர்கள் அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள். கேட்க நாங்கள் காத்திருக்கிறோம்.