பாட்டால் இடும் வேலி

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தில், நம்மவர் பலர் நாள்தோறும் கேட்டும் கவனியாது விடும் குரல் ஒன்று உண்டு. மார்ச்சுத் திங்கள் தொடங்கி மழைக்காலம் வரையில், பொழுது புலருமுன்னரே விளக்குக் கம்பத்தின் உச்சியில் சீழ்க்கையாய் எழுவது அது. பாடுவது குண்டுக்கரிச்சான்: கருநீல மேனி, வெண்ணிற வயிறு, நிமிர்ந்த வால். வங்க நண்பர்கள் தோயல் என்பர்.

மகிழ்ச்சி மிகுந்து பாடுகின்றது எனக் கவிஞர் சொல்லட்டும். பறவை நூலார் கூறுவது வேறு. ஆண் பறவை ஒரு நிலப்பகுதியைத் தனதாக்கிக் காக்கின்றது என்பதையும், அக்காவலில் பாட்டுக்குள்ள பங்கையும் இங்கிலாந்தின் எலியட் ஹோவர்டு 1920-இல் ஒரு நூலாகவே எழுதி விளக்கினார். அந்நிலத்தை ஆட்சி எல்லை எனலாம்.

இதனைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. வளாக வரைபடம் ஒன்றில், காலைதோறும் பறவை பாடிய இடங்களில் புள்ளியிட்டு வந்தேன். புள்ளிகள் சிதறாமல் கொத்துக் கொத்தாய் விழுந்தன. அதே கம்பம், அதே வேப்பங்கிளை, அதே மாடிச் சுவர்! இரு கொத்துகளுக்கு நடுவே ஒரு பாதை. அதன் இருபுறமும் இரண்டு ஆண்கள் மாறி மாறிப் பாடும். ஒன்று பாதையைக் கடந்து வந்தால் மற்றது பாய்ந்து துரத்தும். துரத்திய வேகத்தில் தானே அப்பால் சென்றுவிட்டால் வீரம் குன்றித் திரும்பிவிடும். (விடுதி அறைகளிலும் இவ்வழக்கம் உண்டென்பதை அன்பர்கள் அறிவர்.)

பிற பறவைகள் அஞ்சுவது பாட்டுக்கா, பாடும் பறவைக்கா என்ற ஐயம் எழுவது இயல்பே. 1970-களில் ஆக்சுபோர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் ஜான் கிரெப்சு இதற்கு அழகிய சோதனை செய்தார். பட்டாணிக்குருவி ஆண்களைப் பிடித்து அகற்றினார். சில எல்லைகளில் மட்டும் அவற்றின் பாட்டை ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்தார். பாட்டில்லாத எல்லைகளில் புதியவை விரைவில் குடியேறின. பாட்டு ஒலித்த எல்லைகளுக்கு அவை வரத் தாமதித்தன. பறவையே இல்லாதபோதும் வேலி நின்றது!

ஆயினும் நாம் கைபேசியில் பாட்டை இசைத்துக் கரிச்சானை அழைத்தல் தகாது. குஞ்சுக்கு இரை தேடவேண்டிய நேரத்தை அது இல்லாத பகைவனைத் தேடியே கழிக்கும்.

உணவுக்காகவே எல்லை காப்பவையும் உள. அமெரிக்கக் கண்டங்களுக்கே உரிய ஹம்மிங் பறவைகள் பூக்கூட்டங்களைக் காக்கின்றன. நம் நாட்டில் அப்பெயரால் பலர் தவறாகச் சுட்டுவது தேன்சிட்டையே. அதன் ஆப்பிரிக்க உறவினமும் அவ்வாறே காக்கும். கென்யாவில் பொன்னிறகுத் தேன்சிட்டை ஆராய்ந்த கில், வுல்ஃப் என்னும் இருவர், 1975-இல் வியப்பான செய்தி ஒன்றை வெளியிட்டனர். எல்லைகளின் பரப்பு பெரிதும் வேறுபட்டது. அவற்றிலிருந்த பூக்களோ ஏறத்தாழ 1,600 என ஒத்திருந்தன. தேன் எங்கும் மலிந்திருந்தால் காவல் வீண். மிகக் குறைந்திருந்தாலும் வீணே.

நம் வளாகத்து ஊதாத் தேன்சிட்டு எத்தனை பூவுக்குக் காவல் நிற்கின்றது? வரும் வேனிலில் கல்யாண முருங்கை பூக்கும்போது எண்ணத் தொடங்கலாம். இரண்டு பேராவது வேண்டும்: ஒருவர் பூவை எண்ண, மற்றவர் பறவையைப் பார்க்க.