பாக்கெட் அறுந்ததா, நகல் அறுந்ததா?

நண்பர்களே, நம்ம லேப் லினக்ஸ் கம்ப்யூட்டரில் உதவித்தொகை படிவம் திறக்கும். போட்டோ ஏற்றினால் மட்டும் அப்படியே நின்றுவிடும். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாள்! டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தோம். சில வரிகளில் சதுர அடைப்புக்குறிக்குள் ஒரு நெட்டுக்கோடு. "பாக்கெட் அறுந்து வருதுடா, நெட்வொர்க் கார்டு போச்சு!" என்று கத்தினேன். சார் சிரித்தார்.

பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு, டிசிபிடம்ப் எடுத்த நகல் பாதியில் நின்றது என்றுதான் பொருள். தபால்காரர் உறையில் முகவரியை மட்டும் படிப்பாரே, அதுபோல. நம்மிடம் உள்ள பழைய பதிப்பு ஒவ்வொரு பாக்கெட்டிலும் முதல் 68 பைட்டைத்தான் பிடிக்கும். புதியது 2,62,144 வரை பிடிக்கும். பழையதில் 'மைனஸ் எஸ் 0' சேர்த்தால் முழுசும் வரும். சேர்த்தோம். கோடு மறைந்தது, போட்டோ ஏறவில்லை!

அடுத்து பிங். 'துண்டாக்காதே' என்று சொல்லி 1472 பைட் அனுப்பினோம். தலைப்புகள் 28 சேர்ந்தால் 1500, ஈதர்நெட்டின் வழக்கமான எல்லை. பதிலே இல்லை. 1464 அனுப்பினால் உடனே பதில்! அந்த 8 பைட் எங்கே? நம்ம பிராட்பேண்டு பிபிபிஓஇ முறை. 8 பைட்டை அது எடுத்துக்கொள்கிறது. "பெரிசா இருக்கு, சிறிசாக்கு" என்று ரவுட்டர் சொல்லும் செய்தியை நம்ம ஃபயர்வால் தடுத்திருக்கிறது. பிங் பதிலை மட்டும் விட்டு மற்ற ஐசிஎம்பி எல்லாவற்றையும் அடைத்தது யார்? போன வாரம் நான்தான்!

எம்டியூவை 1492 ஆக்கியதும் போட்டோ ஏறிவிட்டது. ஆனால் அது தற்காலிகக் கட்டுதான். ஃபயர்வால் விதியை என்னையே திருத்த வைத்தார் சார்.

— 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு