குட்டு: தானியமா, இல்லையா?

நம் சங்க அன்பர்கள் பலரைப் போல நானும் உத்தியோக நிமித்தம் டில்லிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். நவராத்திரி வந்தால் நம் வீட்டில் கொலுவும் சுண்டலும். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் வீட்டில் விரதமும் குட்டு மாவுப் பூரியும். "விரத நாளில் தானியம் கூடாது என்கிறீர்களே, இது மட்டும் எப்படி?" என்று ஒருமுறை கேட்டேன். "பாயி சாஹப், குட்டு அனாஜே இல்லை!" என்று சிரித்தார்.

அந்தப் பேச்சை மறந்திருப்பேன். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு நண்பரின் மகன், உமி நீக்கிய குட்டை வெளிநாட்டுக்கு அனுப்பிச் சிக்கிக்கொண்டான். ஆவணத்தில் குட்டுக்குரிய எண் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது உமியோடு கூடிய குட்டுக்குரிய எண். சரக்கு துறைமுகத்தில் நின்றது. எண்ணைத் திருத்தி முடிப்பதற்குள் லாபம் முழுவதையும் டெமரேஜ் தின்றுவிட்டது. அப்போதுதான் இந்த விஷயத்தை உட்கார்ந்து படித்தேன். படித்ததை அன்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் தாவரவியல். ஆங்கிலத்தில் பக்வீட் எனப்படும் குட்டுக்குக் கோதுமையோடு எந்த உறவும் இல்லை. நெல், கோதுமை, கேழ்வரகு எல்லாம் புல் குடும்பம். குட்டோ நம் சுக்கான்கீரையின் குடும்பம். முக்கோண வடிவமான அதன் மணி, உண்மையில் ஒரு சிறு கனி. ஆகவே பஞ்சாபி அம்மாள் சொன்னது தாவரவியல்படி சரியே.

சுங்க இலாகா என்ன சொல்கிறது? உலக நாடுகள் பெரும்பாலும் 'ஹார்மனைஸ்டு சிஸ்டம்' என்ற ஒரே பட்டியலைப் பின்பற்றுகின்றன. 1988 ஜனவரி 1 முதல் அமலில் உள்ள இதைப் பராமரிப்பது பிரஸ்ஸல்ஸில் உள்ள உலக சுங்க அமைப்பு. மொத்தம் 21 பிரிவுகள். அத்தியாய எண்கள் 97 வரை செல்கின்றன. குட்டின் எண் 1008.10. இதில் முதல் 10 என்பது தானியங்களின் அத்தியாயம். அடுத்த 08, குட்டு, சிறுதானியங்கள் முதலியவற்றின் தலைப்பு. கடைசி 10 குட்டுக்கே உரியது. இந்த ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதற்கு மேல் அவரவர் வசதி. இந்தியாவில் எட்டு இலக்கம்.

சுங்கத்தாருக்குத் தாவரவியல் தெரியாது என்று எண்ண வேண்டாம். குட்டு வேறு குடும்பம் என்பதை அவர்களுடைய விளக்கக் குறிப்பே ஒப்புக்கொள்கிறது. எனினும் அறுப்பதும், மூட்டை கட்டுவதும், அரைப்பதும், உண்பதும் தானியத்தைப் போலவே என்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள்.

இனி முக்கியமான பாடம். பொருளின் பெயர் மட்டும் போதாது, அது எந்த நிலையில் இருக்கிறது என்பதே எண்ணைத் தீர்மானிக்கும். பத்தாம் அத்தியாயத்தின் முகப்புக் குறிப்பு, உமி நீக்கிய தானியம் இங்கே சேராது என்கிறது. அரிசிக்கு மட்டும் பொதுவான விலக்கு உண்டு. தீட்டிய அரிசியும் 1006-லேயே இருக்கும். குட்டுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே:

உமியோடு கூடிய மணி – 1008
உமி நீக்கிய முழு மணி – 1104
மாவு – 1102
குட்டு மாவு நூடுல்ஸ் – 1902
பதப்படுத்தாத உமி – 1213
அந்த உமியை அடைத்த தலையணை – 9404

நம் பையன் தடுக்கி விழுந்தது முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையில்.

மாவு என்று சொல்லிவிட்டால் மட்டும் மாவாகிவிடாது. மாவுச்சத்து 45 சதவீதத்துக்கு மேல் இருக்க வேண்டும். சாம்பல் 4 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தவிடாகக் கருதி 2302-க்குத் தள்ளிவிடுவார்கள். இதில் தேறினாலும், 315 மைக்ரோமீட்டர் சல்லடையில் குறைந்தது 80 சதவீதம் இறங்க வேண்டும்; இல்லையேல் அது மாவல்ல, ரவை வகை. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ரயில் பாதைக்கு வரும் ஜல்லியை 65, 40, 20 மில்லிமீட்டர் சல்லடைகளில் சலித்துப் பார்த்தே ஆயுளில் பாதி போனவன் நான். காண்டிராக்டர் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை சல்லடையினுடையதுதான்!

இந்த எண்கள் வரி கணக்கிட மட்டும் அல்ல. குட்டு அதிகம் விளையும் நாடுகளில் ஒன்றான ரஷ்யா, உள்நாட்டு விலையைக் கட்டுப்படுத்த 2021 ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய அதன் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. முழு மணியோடு, உமி நீக்கியதையும் உடைத்ததையும் சேர்த்தே தடுத்தார்கள். மணியை மட்டும் தடுத்திருந்தால், உமியை நீக்கிவிட்டு அடுத்த எண்ணில் தாராளமாக அனுப்பியிருப்பார்கள்.

நம் பிள்ளைகளில் சிலர் இன்று ஏற்றுமதித் தொழிலில் இறங்குகிறார்கள். குட்டானாலும் சரி, நம்மூர்த் தினை, சாமையானாலும் சரி, அவர்களுக்கு நான் சொல்வது மூன்று. ஒன்று, தலைப்பைப் படிக்குமுன் அத்தியாயக் குறிப்பைப் படியுங்கள். இரண்டு, உமி உண்டா, உடைத்ததா, வறுத்ததா என்பதை ஆவணத்தில் தெளிவாக எழுதுங்கள். மூன்று, இறக்குமதி செய்யும் நாட்டில் என்ன எண் கொள்கிறார்கள் என்று சரக்கு ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவிலும் சுங்க விஷயங்களில் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்க டில்லியிலும் மும்பையிலும் அதிகார அமைப்புகள் உள்ளன.

போன நவராத்திரியில் அந்த அம்மாள் பூரி கொடுத்தனுப்பினார். அது தானியமா இல்லையா என்று நான் விவாதிக்கவில்லை. விரதத்துக்கு அவர் கணக்கு. துறைமுகத்துக்குச் சுங்கத்தார் கணக்கு. ஓரிடத்துக் கணக்கை மற்றோரிடத்தில் காட்டினால்தான் நஷ்டம்.