சுபாவம் அன்று, நோய்: நீடித்த மனச்சோர்வை அறிந்துகொள்வோம்

"இவர் எப்போதுமே இப்படித்தான், டாக்டர். மனம்விட்டுச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை." மனநலப் புறநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. அந்த நோயாளி மனநலம் கருதி வந்திருக்கமாட்டார். தீராத உடல்வலி, தலைவலி, களைப்பு என்று பல மருத்துவர்களைப் பார்த்து, பரிசோதனைகளில் குறை ஏதும் தென்படாததால் எங்களிடம் அனுப்பப்பட்டிருப்பார். அவர் வேலைக்குச் செல்கிறார், வீட்டையும் கவனிக்கிறார். ஆயினும் எதிலும் மனம் ஒட்டுவதில்லை. ஆண்டுக்கணக்கில் நிலைமை இவ்வாறே இருப்பதால், குடும்பத்தார் மட்டுமன்றி அவருமே அதைத் தம் சுபாவம் என்று நம்பிவிடுகிறார்.

இந்நிலைக்கு நீடித்த மனச்சோர்வு என்று பெயர். டிஸ்தைமியா என்றும் இதனைக் குறிப்பிடுவர். ஒரு காலத்தில் மருத்துவ உலகமும் இதனை ஆளுமையின் குறையாகக் கருதியதுண்டு. 1980ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனது நோய்ப் பகுப்பு நூலின் மூன்றாம் பதிப்பில் இதனை மனநிலை சார்ந்த நோய்களுள் சேர்த்தது. சுபாவத்திற்கு மருந்து இல்லை; நோய்க்கு உண்டு. ஆகவே இந்த வேறுபாடு முக்கியமானது.

எவ்வாறு அறிவது?

பெரும்பாலான நாள்களில், நாளின் பெரும்பகுதி, மனம் சோர்ந்தே இருப்பது. அது பெரியவர்களுக்கு 2 ஆண்டுகள், சிறுவர்க்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் ஓராண்டு தொடர்வது. இதுவே முதல் அடையாளம். சிறுவர்களிடம் சோர்வுக்குப் பதிலாக எரிச்சல் மிகுந்திருக்கலாம். இதனுடன் கீழ்க்காண்பவற்றுள் இரண்டேனும் இருக்கும்: பசியின்மை அல்லது மிகையாக உண்ணுதல், உறக்கக் குறைவு அல்லது மிகை உறக்கம், களைப்பு, தன்மதிப்புக் குறைவு, கவனச் சிதறல், நம்பிக்கையின்மை.

தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, வைட்டமின் பி12 குறைபாடு ஆகியவையும் இத்தகைய களைப்பைத் தரும். எனவேதான் முதலில் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம்.

இச்சோர்வு மிதமானது என்று எண்ணிப் புறக்கணிக்கலாகாது. இதன்மீது கடுமையான மனச்சோர்வும் வந்து சேரக்கூடும். அப்போது தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம்.

சிகிச்சை

மருந்தும் உளவியல் சிகிச்சையும் இணையும்போது பலன் கூடுதலாகக் கிடைக்கிறது. செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃப்ளூஆக்செடின் போன்ற மாத்திரைகளை நாங்கள் பரிந்துரைக்கிறோம். இவை தூக்க மாத்திரைகள் அல்ல. போதையோ அடிமைப் பழக்கமோ உண்டாக்குவதில்லை. பலன் தெரியத் தொடங்க 2 முதல் 4 வாரங்களும், முழுப்பலன் கிட்ட 6 முதல் 8 வாரங்களும் ஆகலாம். குமட்டல், தலைவலி போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே தோன்றிவிடும். பெரும்பாலும் தாமாகவே குறையும். இதனை அறியாமல் இரண்டாம் வாரத்திலேயே பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். 25 வயதிற்கு உட்பட்டோரிடம் தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ மிகுந்தால் உடனே எங்களிடம் தெரிவிக்க வேண்டும்.

நலம் பெற்ற பின்னரும் மருந்தைப் பல மாதங்கள் தொடர வேண்டும். சிலர்க்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், பதற்றம் ஏற்படலாம், நோயும் திரும்பலாம். எனவே மருத்துவரின் ஆலோசனையுடன் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

உளவியல் சிகிச்சையில், "என்னால் எதுவும் ஆகாது" என்பது போன்ற பழகிப்போன எண்ணங்களை ஆராய்ந்து மாற்றக் கற்றுத்தருகிறோம். மனம் தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், சிறிய செயல்களை நாள்தோறும் குறித்த நேரத்தில் செய்யச் சொல்கிறோம். காலையில் 20 நிமிட நடையும் நல்ல தொடக்கமே. மது சோர்வை மிகுவிக்கும், தவிர்க்க வேண்டும்.

குடும்பத்தார்க்கு

"உனக்கு என்ன குறை?" என்று கேட்காதீர்கள். அக்கேள்வி நோயாளியின் குற்றவுணர்வையே வளர்க்கும். "இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். முன்னேற்றம் சிறிது சிறிதாகவே வரும். மாற்றத்தை நோயாளிக்கு முன்பே நீங்கள் காணக்கூடும். அதனை அவரிடம் சொல்லுங்கள்.

சாவைப் பற்றிப் பேசினால் அதனை வெறும் பேச்சாகக் கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாமல், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்தி, உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். 14416 என்னும் டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவை 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம்.

சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, "இத்தனை ஆண்டுகள் இப்படியே இருந்துவிட்டேனே" என்று நோயாளிகள் எங்களிடம் வருந்துவதுண்டு. அந்த ஆண்டுகளைத் திருப்பித்தர எங்களால் இயலாது. இனிவரும் ஆண்டுகளைக் காக்க இயலும். உங்கள் வீட்டில் "எப்போதுமே இப்படித்தான்" என்று சொல்லப்படுபவர் இருந்தால், ஒருமுறை அவரை அழைத்து வாருங்கள்.