இரண்டு ஆசிரியர்கள்

"அம்பி, இங்க வா!" தமிழ்நாட்டில் சில வீடுகளில் சின்னப் பையனை இப்படிக் கூப்பிடுவார்கள். ஆனால் இந்தப் பாடத்தில் வரும் அம்பி அமெரிக்காக்காரர். ஆம்புரோஸ் என்ற பெயர்தான் சுருங்கி அம்பி ஆனது. அம்பி பர்ஃபுட்.

கனெக்டிகட் மாநிலத்தில், குரோட்டன் என்ற ஊரில் அவர் படித்தார். அந்தப் பள்ளியில் ஜான் கெல்லி ஆங்கில ஆசிரியர். வகுப்பு முடிஞ்சதும் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி! கெல்லி சும்மா ஆள் இல்லை. 1957-இல் பாஸ்டன் மாரத்தானில் முதலாவதாக வந்தவர். மாரத்தான் என்றால் 42 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் அதிகம்.

"அவ்வளவு பெரிய வீரர் ஏன் பள்ளியில் வேலை பார்த்தார்?" என்று கேட்பீர்கள். அப்போது பாஸ்டனில் ஜெயித்தால் தலையில் இலைக் கிரீடம் வைப்பார்கள். பணம் கிடையாது! பரிசுப் பணம் 1986-இல்தான் வந்தது. சாப்பாட்டுக்கு வேறு வேலை வேணுமே.

1968-இல் அம்பியும் அதே பாஸ்டனில் ஜெயித்தார். 2 மணி 22 நிமிடம் 17 விநாடி. அப்போது அவர் கல்லூரி மாணவர். அவருக்கும் பணம் இல்லை, கிரீடம்தான்.

1978-இல் 'ரன்னர்ஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் சேர்ந்தார். பல வருடங்கள் அதன் ஆசிரியர்களில் ஒருவராக இருந்தார். கவனிச்சீங்களா? பள்ளியில் சொல்லித்தருபவரும் ஆசிரியர், பத்திரிகையைப் பார்த்துக்கொள்பவரும் ஆசிரியர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்! கெல்லி மைதானத்தில் சொல்லித்தந்தார். அம்பி எழுதிச் சொல்லித்தந்தார்: எப்படிப் பழகுவது, என்ன சாப்பிடுவது, கால் வலிச்சா என்ன செய்வது.

எழுத வந்த பிறகும் அவர் ஓட்டத்தை விடவில்லை. கனெக்டிகட்டில் மான்செஸ்டர் என்ற ஊரில் வருடா வருடம் ஓர் ஓட்டப் பந்தயம் நடக்கும். 1963-இல் அங்கே ஓட ஆரம்பித்தவர், 50 தடவைக்கு மேல் ஓடிவிட்டார். ஒன்பது தடவை முதலிடம். மற்ற தடவைகளில்? சும்மா ஓடினார், அவ்வளவுதான்!

செய்து பாருங்கள்

நண்பரோடு மெதுவாக ஓடுங்கள். ஓடும்போதே தமிழில் ஒரு முழு வாக்கியம் பேசுங்கள். பேச முடிஞ்சா வேகம் சரி. மூச்சு வாங்கி, ஒவ்வொரு சொல்லாக வந்தால் வேகம் அதிகம். பாட்டே பாட முடியுதா? இன்னும் கொஞ்சம் வேகமா ஓடலாம்!

பதில் சொல்லுங்கள்

1. கெல்லி ஏன் பள்ளியில் வேலை பார்த்தார்?
2. அம்பி பத்திரிகையில் எவற்றைப் பற்றி எழுதினார்?
3. 'ஆசிரியர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள்.